மரபணுத்தொகுதியின் மடிப்பும் மரபணுக்களின் கூட்டு இயக்கமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டு மீட்டர் டிஎன்ஏ உட்கருவுக்குள் அடங்குவதற்காகத்தான் மடிகிறது என்று படித்தோம். மரபணு இயங்குவதில் அந்த மடிப்புக்கு என்ன வேலை?

அடக்குவது மட்டுமே நோக்கம் என்றால் எப்படிச் சுருட்டி வைத்தாலும் போதும். ஆனால் மடிப்புதான் தொலைவில் உள்ள தூண்டும் பகுதியை மரபணுவுக்கு அருகே கொண்டுவருகிறது. எஸ்எச்எச் மரபணுவைப் பாருங்கள். கருவின் கை, கால் மொட்டுகளில் அதை இயக்கும் என்ஹான்சர் (மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ துண்டு) சுமார் 10 லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ எழுத்துகள்) தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதக் குறிப்பு இல்லாத இடைப்பகுதி) இருக்கிறது. அந்த என்ஹான்சரில் ஓர் எழுத்து மாறினாலே கட்டைவிரல் பக்கத்தில் கூடுதல் விரல் முளைக்கலாம். சுண்டெலியில் அதை முழுவதும் நீக்கினால் கால்கள் வளராமல் குட்டையாகின்றன, மற்ற உறுப்புகளுக்குப் பாதிப்பில்லை.

இவ்வளவு தூரத்தைக் கடக்க உதவுவது கோஹீசின் என்ற வளையப் புரதம். அது டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டு, ஊசிக் காதில் நூலை மடித்து இழுப்பதுபோல் கண்ணியாக இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டே போகும். சோதனைக்குழாய் அளவீடுகளில் இதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கார இணை. வழியில் சிடிசிஎஃப் புரதம் எதிர்முகமாக உட்கார்ந்திருந்தால் கண்ணி அங்கே நிற்கும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி சிடிசிஎஃப் அமர்ந்த இடங்களுக்கு நடுவே, உள்ளுக்குள் அதிகமாகவும் வெளியோடு குறைவாகவும் தொடும் ஒரு வட்டாரம் உருவாகிறது. 2012-ல் அடையாளம் காணப்பட்ட இதைத்தான் டாட் என்கிறோம். எஸ்எச்எச்சும் அதன் என்ஹான்சரும் ஒரே டாடுக்குள் இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் ஒரே டாடில் உள்ள மரபணுக்கள் எல்லாம் சேர்ந்தே இயங்கும் என்று கொள்ளலாமா?

கூடாது. சேர்ந்து இயங்கும் போக்கு சற்று கூடுதல், அவ்வளவுதான். அதிலும் கணிசமான பங்கு பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே வருவது. இரட்டித்து உருவான சகோதர மரபணுக்கள் அருகருகே கிடக்கும், ஒரே மாதிரி புரோமோட்டரும் (மரபணு எழுதப்படத் தொடங்கும் பகுதி) வைத்திருக்கும். ஆகவே உங்கள் தரவில் ஒரே டாடின் மரபணு இணைகளை, அதே தூரத்தில் ஆனால் டாட் எல்லைக்கு இரு பக்கமும் உள்ள இணைகளோடு ஒப்பிடுங்கள். சகோதர மரபணுக்களை முதலிலேயே விலக்கிவிடுங்கள். இப்படித் தூரத்தைச் சமமாக வைக்காத ஒப்பீட்டைப் பொருட்படுத்த வேண்டாம்.

கூட்டு இயக்கம் என்றால் எல்லாம் ஒருசேர எழுவது என்றும் இல்லை. சுண்டெலி மூக்கின் ஒவ்வொரு நரம்பணுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணவாங்கி மரபணுக்களில் ஒன்றை மட்டுமே இயக்குகிறது. அதற்காக வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள என்ஹான்சர்கள் பல ஒரே இடத்தில் கூடி அந்த ஒற்றை மரபணுவைச் சூழ்ந்துகொள்கின்றன. எல்டிபி1, எல்எச்எக்ஸ்2 புரதங்கள்தான் இந்தக் கூட்டத்தைக் கட்டி வைப்பவை.

கேள்வி: கோஹீசினை அழித்தால் கண்ணிகள் எல்லாம் மறைந்தும் பெரும்பாலான மரபணுக்கள் வழக்கம்போல இயங்கினவாமே. மடிப்பு தேவையே இல்லையா?

2017-ல் வந்த அந்தச் சோதனையில், மனிதக் குடல் புற்று செல்களில் ஆர்ஏடி21 என்ற கோஹீசின் உறுப்பு ஆக்சின் என்ற வேதிப்பொருள் சேர்த்து 6 மணி நேரத்துக்குள் அழிக்கப்பட்டது. கண்ணிகள் போயின, புதிதாக எழுதப்படும் ஆர்என்ஏவில் மாற்றம் மிதமே. ஆனால் அவை ஏற்கெனவே நிலைபெற்ற செல்கள். இயங்கிக்கொண்டிருப்பதைத் தொடர்வது வேறு, புதிதாக ஒன்றைத் தொடங்குவது வேறு. புரோமோட்டருக்கு மிக அருகில் என்ஹான்சர் உள்ள மரபணுவுக்குக் கோஹீசின் உதவி அதிகம் வேண்டாம். செல் புதிய தூண்டலுக்குப் பதில் சொல்லும்போது குறை வெளிப்படுகிறது: கோஹீசின் இல்லாத மேக்ரோஃபேஜ்களில் (கிருமிகளை விழுங்கும் நோய்த்தடுப்பு செல்கள்) அழற்சி மரபணுக்கள் சரியாக எழவில்லை.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. 2012-ல் எல்டிபி1 புரதத்தின் ஒட்டும் பகுதியை பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதி) மரபணுவின் புரோமோட்டரில் வலிந்து கட்டினார்கள். வழக்கமாக இதற்குத் தேவைப்படும் ஜிஏடிஏ1 புரதம் இல்லாத செல்லிலும் கண்ணி உருவாகி, மரபணு கணிசமாக இயங்கியது. எனவே சில மரபணுக்களுக்குக் கண்ணியே காரணம், பலவற்றுக்கு வெறும் துணை. எது எந்த வகை என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

கேள்வி: அரிவாள் செல் நோய்க்கு வந்துள்ள காஸ்ஜெவி சிகிச்சை இந்த மடிப்பை மாற்றுகிறதா?

நேரடியாக இல்லை. அது பிசிஎல்11ஏ மரபணுவின் இரத்தச் சிவப்பணுவுக்கே உரிய என்ஹான்சரை வெட்டுகிறது. பிசிஎல்11ஏ குறைந்ததும் காமா குளோபின் (கருவில் இயங்கும் குளோபின்) மீதான தடை விலகி, குளோபின்களின் பொது என்ஹான்சர் தொகுதி காமாவைத் தொடத் தொடங்குகிறது. மடிப்பு இங்கே விளைவு. என்ஹான்சரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: மரபணுவையே வெட்டினால் பிசிஎல்11ஏ தேவைப்படும் மற்ற இரத்த அணு வகைகளும் கெடும். பிரிட்டனும் அமெரிக்காவும் 2023 கடைசியில் இதற்கு ஒப்புதல் அளித்தன.

கேள்வி: முதல்முறை ஹை-சி (டிஎன்ஏவின் எந்தப் பகுதிகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று காட்டும் சோதனை) செய்தோம். வரைபடத்தில் மூலைவிட்டம் மட்டும் தெரிகிறது, கண்ணிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் ஆழம் போதாது. நுணுக்கத்தைப் பத்து மடங்கு கூட்ட, தொடர்புகள் நூறு மடங்கு வேண்டும். 2014-ல் மனித செல்லில் கண்ணிகளைத் தெளிவாகக் காட்டிய வரைபடத்துக்குச் சுமார் 490 கோடி தொடர்புகள் ஆயின. சில கோடி வாசிப்பில் இயங்கும் (ஏ), அடங்கிய (பி) பெரும்பகுதிகளை மட்டும் பாருங்கள். கண்ணி தேட நூறு கோடியை நெருங்க வேண்டும்.

செலவழிப்பதற்கு முன் நூலகத்தின் (வாசிப்புக்குத் தயாரித்த டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பு) தரத்தைச் சோதியுங்கள். 20 முதல் 50 லட்சம் செல், 1% ஃபார்மால்டிஹைடு, அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு கிளைசின். சீரம் கலந்த ஊடகத்திலேயே ஃபார்மால்டிஹைடு ஊற்றினால் சீரப் புரதம் அதைத் தின்றுவிடும், பிணைப்பு இளகும். எஸ்டிஎஸ் என்ற சோப்புப்பொருள் சேர்த்து 62 டிகிரியில் 10 நிமிடத்துக்கு மேல் விட்டால் உட்கரு வெடித்துக் கண்டபடி ஒட்டும். அதன் அடையாளம், வெவ்வேறு குரோமோசோம்களுக்கு இடையிலான தொடர்பு பாதியைத் தாண்டுவது. அந்த நூலகத்தைத் தூக்கிப் போடுங்கள், ஆழமாக வாசித்தாலும் தேறாது.

பயோட்டின் நிரப்புதல் (வெட்டிய முனைகளை பயோட்டின் ஒட்டிய எழுத்துகளால் நிரப்புவது) வேலை செய்ததா என்றறிய எளிய வழி: எம்போ-1 நொதியின் வெட்டு நிரம்பி ஒட்டினால் ஜிஏடிசிஜிஏடிசி என்ற தொடர் உருவாகும், அதைக் கிளா-1 என்ற வேறொரு நொதி வெட்டும். பிசிஆர் செய்த நூலகத்தில் கொஞ்சம் எடுத்துக் கிளா-1 போட்டு ஜெல்லில் ஓட்டுங்கள். பட்டை கீழிறங்காவிட்டால் நிரப்புதல் தோற்றிருக்கிறது. ஆழ வாசிப்புக்கு முன் 50 லட்சம் வாசிப்பில் ஒரு முன்னோட்டம் பார்ப்பதும் கட்டாயம்.

கேள்வி: டாட் எல்லையைத் தாண்டிய டிஎன்ஏ இரட்டிப்பு ஒன்று குழந்தையின் மரபணுச் சோதனை அறிக்கையில் வந்துள்ளது. கவலைப்பட வேண்டுமா?

எல்லை தாண்டியது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. எஸ்ஓஎக்ஸ்9 மரபணுவின் வட்டாரமே இதற்கு நல்ல பாடம். டாடுக்குள்ளேயே நடந்த இரட்டிப்பு, எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட நபரை ஆணாக வளரச் செய்தது. எல்லையைத் தாண்டி, ஆனால் பக்கத்து கேசிஎன்ஜே2 மரபணு வரை எட்டாத இரட்டிப்பு நோய் எதையும் தரவில்லை. நகலான துண்டு தனி டாடாக ஒதுங்கிவிட்டது. கேசிஎன்ஜே2வும் அதற்குள் சேர்ந்தபோதுதான் அது எஸ்ஓஎக்ஸ்9-இன் என்ஹான்சர்களிடம் சிக்கி, விரல், நகக் குறைபாடுள்ள குக்ஸ் நோய்க்குறி வந்தது. ஆகவே மரபியல் மருத்துவரிடம் கேளுங்கள்: நகலான துண்டுக்குள் எந்த மரபணு, எந்த என்ஹான்சர், எந்த எல்லை ஒன்றாக மாட்டியிருக்கின்றன? நகல் அடுத்தடுத்து நேராக ஒட்டியிருக்கிறதா, தலைகீழாகவா?

கேள்வி: வரைபடத்தில் பளிச்சிடும் கண்ணி, செல்லில் எப்போதும் மூடியே இருக்குமா?

இல்லை. உயிருள்ள சுண்டெலிக் குருத்தணுக்களில் எஃப்பிஎன்2 வட்டாரத்தை 2022-ல் படம்பிடித்தபோது, முழுக் கண்ணி நிலை மொத்த நேரத்தில் ஏறக்குறைய 3 முதல் 6% மட்டுமே. ஒவ்வொரு முறையும் 10 முதல் 30 நிமிடம் நீடித்தது. ஹை-சி காட்டுவது லட்சக்கணக்கான செல்களின் சராசரி. கண்ணி மூடும் கணத்தில்தான் மரபணு எழுகிறதா என்ற கேள்விக்கு ஹை-சி பதில் தராது, ஒரே செல்லில் கண்ணியின் இரண்டு முனையையும் ஆர்என்ஏவையும் சேர்த்து ஒளிரவிட்டுப் பார்க்க வேண்டும்.