கிட்டார் கழுத்தின் ஓரத்தில் புள்ளி வைப்பது எதற்கு, எப்படி?

விரல் எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது என்பதை நெடுஞ்சாலை மைல்கல் போலக் காட்டும் குறிகள் இவை. வழக்கமாக 3, 5, 7, 9-ஆம் கட்டங்களில் தலா ஒரு புள்ளி, 12-இல் இரண்டு. 12-ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தி சரிபாதியாகிறது, அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதனால்தான் இரட்டைப் புள்ளி. (உகுலேலே என்ற சிறிய கிட்டார் போன்ற கருவியில் பெரும்பாலும் 9-க்குப் பதில் 10.)

2 மி.மீ. பிளாஸ்டிக் குச்சி, அதே அளவு டிரில் பிட், சூப்பர் குளூ போதும். 5-ஆம் புள்ளி என்றால் 4, 5 ஃபிரெட்டுகளுக்கு நடுவே குறியுங்கள். முதலில் கூர்முனையால் சிறு குழி போடாவிட்டால் பிட் வழுக்கி மரத்தைக் கீறிவிடும். 3 மி.மீ. ஆழம் துளைத்து, ஒரு சொட்டுப் பசையுடன் குச்சியைச் செருகி, காய்ந்தபின் நறுக்கி, உப்புத்தாளால் சமமாகத் தேயுங்கள்.

புள்ளிக்கு நேராகத்தான் அழுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தாண்டி, ஃபிரெட்டை ஒட்டி அழுத்தினால்தான் சுரம் இரையாமல் தெளிவாக வரும்.