சரக்குக்கு முன்னே காகிதம்: ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கரூரில் மேசை விரிப்பு நெய்கிறோம். முதல் ஏற்றுமதி ஆர்டர் வந்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஐ.இ.சி. எண்ணிலிருந்து, அதாவது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான அடையாள எண்ணிலிருந்து. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய்தான். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கும். ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் தேவை, அதையும் நிதியாண்டுதோறும் புதிதாகத் தர வேண்டும்.

கேள்வி: சார், ஷிப்பிங் பில்லும் பில் ஆஃப் லேடிங்கும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. முன்னது ஏற்றுமதிக்கு அனுமதி கேட்டு நாம் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்வது. பின்னது (சுருக்கமாக பி.எல்.) சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் நிறுவனம் நமக்குத் தருவது. வழக்கமாக மூன்று அசல் வரும். ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் தாள். பணம் வருமுன் வாங்குபவர் ஓர் அசலை மட்டும் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: சரக்கில் ஒரு குறையும் இல்லை. எல்.சி. என்ற வங்கியின் பண உறுதிக் கடிதம் இருந்தும் வங்கி பணத்தை நிறுத்திவைத்திருக்கிறதே, ஏன்?

பதில்: வங்கி சரக்கைப் பார்ப்பதே இல்லை. எல்.சி.க்கான யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளின்படி அது கையாள்வது ஆவணங்களை மட்டுமே. இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யோடு பொருந்த வேண்டும். பேக்கிங் லிஸ்டில் 120 பெட்டி, பி.எல்.லில் 102 என்றிருந்தால் அதுவே மறுக்கப் போதும். கப்பலேறிய 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகுமுன், ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும், எல்.சி.யே வேறு கெடு சொன்னால் அதுதான் கணக்கு. பலரும் பணம் நின்ற பிறகுதான் எல்.சி.யை முழுதாகப் படிக்கிறார்கள். வந்த அன்றே படியுங்கள். நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் நெய்யத் தொடங்குமுன்பே திருத்தம் கேளுங்கள். வாங்குபவர் முகம் சுளிப்பாரே என்று தயங்கினால் பிறகு தள்ளுபடி கேட்பார்.

கேள்வி: அண்ணா, ஈரோட்டு மஞ்சளைத் துபாய்க்கு அனுப்புகிறோம். கூடுதலாக என்ன?

பதில்: நறுமணப் பொருள் வாரியப் பதிவு அவசியம். சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று பற்றி வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகத்துடனான வர்த்தக ஒப்பந்தம் 1.5.2022 முதல் நடப்பில் இருக்கிறது. வரிச்சலுகை கோரினால் அந்த ஒப்பந்தத்துக்கு உரிய மூலச் சான்றுதான் (சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்று காட்டுவது) வேண்டும், சாதாரணச் சான்று உதவாது. சரக்கை அடுக்குவது மரப் பேலட் (பலகைத் தளம்) என்றால், மரத்தில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரையைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் சுங்க ஏஜென்ட்டிடமே விட்டுவிடலாமா?

பதில்: தாக்கல் செய்வதை விடலாம். சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீடு, மதிப்பு, எடை ஆகியவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். தாக்கல் செய்யுமுன் ஏஜென்ட் உங்கள் ஒப்புதலுக்கு அந்த விவரங்கள் அடங்கிய செக்லிஸ்ட் அனுப்புவார். இரவு பதினொரு மணிக்குத்தான் அனுப்புவார். தூக்கக் கலக்கத்தில் 'சரி' என்று பதில் போடாமல் வரிவரியாகப் படியுங்கள்.