காது குடுங்க: "ஊசி போட்டாக் காது கேக்குமாமே மிஸ்?"

போன இதழ்ல காதுக்குப் புதுசா என்னென்ன வருது எண்டு ரெண்டே ரெண்டு வரிதான் எழுதினன், அதுக்கு வந்த கடிதத்தப் பாத்தா காத்தான்குடியில இருந்து திருக்கோவில் வரைக்கும் எல்லாருக்கும் காதுலதான் பிரச்சினை போல கிடக்கு. புதுசா வாசிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லிடுறன், நான் டொக்டர் இல்ல, காது மூக்கு தொண்டை கிளினிக்ல இருவது வருஷத்துக்கு மேல நிண்டு பென்சன் எடுத்த நேர்ஸ். அதனால நான் சொல்லுறத மருந்துச் சீட்டா எடுக்காதீங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். என்ட மகனுக்கு ரெண்டு வயசும் நாலு மாசமும். ரெண்டு காதும் கேக்கல்ல எண்டு டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாங்க, ஒப்பரேஷன் பண்ணி உள்ளுக்கு மெசின் வைக்கோணுமாம். ஆனா சைனாவுல பிறவியிலேயே கேக்காத புள்ளைக்கு ஊசி போட்டு கேக்கப் பண்ணின வீடியோ ஒண்ட என்ட நானா அனுப்பினார். அது இஞ்ச வரும் வரைக்கும் பொறுப்பமா? மாமி வேற இது என்ட உம்மாட பக்கத்தால வந்த பழுது எண்டு நாளும் சொல்லுறா. என்ட மாப்பிள்ளையும் எனக்குச் சொந்த மாமிட மகன்தான். (ஒரு தாய், காத்தான்குடி)

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. வீடியோ பொய் இல்ல. ஷாங்காய்ல 6 புள்ளைகளுக்கு அந்த ஊசியப் போட்டு 5 பேருக்கு கேள்வி திரும்பினது உண்மை, 2024 ஜனவரியில லான்செட் சஞ்சிகையில வந்த விசயம், மறுகா அமெரிக்கா இங்கிலாந்திலயும் புள்ளைகளுக்குப் போட்டுக் கேக்க வெச்சிருக்காங்க. ஆனா எந்தப் புள்ளைக்கு எண்டதுதான் கேள்வி. எங்கட உள்காதுல நத்தை ஓடு மாதிரி ஒரு சாமான் இரிக்கு, அதுக்குள்ள மயிர்க் கலங்கள் எண்டு கிட்டத்தட்ட 15,000 கலம். சத்தத்தப் பிடிக்கிறது அதுகள்தான், பிடிச்சதை நரம்புக்குக் கைமாத்தி விடுறதுக்கு ஒட்டோஃபெர்லின் எண்டு ஒரு புரதம் வேணும். சில புள்ளைகளுக்கு கலமெல்லாம் நல்லாத்தான் இரிக்கும், இந்தப் புரதத்தச் செய்யுற மரபணு மட்டும் பிழை, போஸ்ட்மன் இல்லாத தபால்கந்தோர் மாதிரி. அந்த ஊசி இவங்களுக்கு மட்டும்தான். மரபணு பெரிசு, அதைக் காவிக்கொண்டு போற வைரசு சின்னன், ஒண்டுக்குள்ள அடங்காது எண்டு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு வைரசுல ஏத்தி உள்ளுக்குப் போய்ச் சேர விடுறாங்க, இதை யோசிச்ச மனிசன்ட மூளைய என்னெண்டு சொல்லுற.

பிறவியில கேக்காத புள்ளைகள்ல இந்த மரபணுவால வாறது கொஞ்சப் பேருக்குத்தான். உங்கட மகனுக்கு அதா, வேற மரபணுவா, இல்ல வயித்துல இருக்கக்குள்ள வந்த ருபெல்லாவா (ஜெர்மன் தட்டம்மை), பொறந்த உடனே வந்த கடும் மஞ்சள் காமாலையா எண்டு கடிதத்துல ஒண்டும் இல்ல. கிளினிக்ல ரெண்டு விசயம் கேளுங்க. ஒண்டு, மரபணு டெஸ்ட் செய்யலாமா எண்டு. மற்றது, காதுக்குள்ள சின்ன முனைய வெச்சுப் பாக்கிற டெஸ்டும் தலையில வயர் ஒட்டிப் பாக்கிற டெஸ்டும் ரெண்டும் செய்தாச்சா, ரெண்டும் ஒரே மாதிரி வந்ததா எண்டு. ஏனெண்டா இந்த ஒட்டோஃபெர்லின் புள்ளைகள் முதல் டெஸ்ட்ல பாஸ் பண்ணிடும், கலம் நல்லா இருக்கிறதால. வயர் டெஸ்ட்லதான் பிடிபடும்.

பொறுக்கிறதப் பத்தி என்ட மனசுல உள்ளதச் சொல்லுறன், பொறுக்காதீங்க. மூளை பாஷை பிடிக்கிற காலம் இந்த மூண்டு நாலு வயசுக்குள்ளதான், அது மறுகா வராது. பொறுங்க எண்டு சொந்தக்காரர் சொல்லக் கேட்டு ஆறு வயசுல புள்ளையத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார நான் கண்டிருக்கிறன், மெசின் வெச்சு சத்தம் கேட்டிச்சு, கதை வரல்ல. இங்கிலாந்துல ஒரு புள்ளைக்கு ஒரு காதுல மரபணு ஊசியும் மற்றக் காதுல கோக்லியர் இம்ப்ளான்ட்டும் (உங்களுக்குச் சொன்ன அந்த உள்ளுக்கு வைக்கிற மெசின்) போட்டிருக்காங்க, அதனால இண்டைக்கு மெசின் வெச்சா நாளைய கதவு பூட்டிப் போகும் எண்டு இல்ல. ரெண்டு காதுக்குமா ஒரு காதுக்கா எண்டதெல்லாம் டொக்டரோட இருந்து கதைக்க வேண்டியது. மெசின் வெச்ச பிறகு கிழமைக்குக் கிழமை கதைப் பயிற்சிக்குக் கொண்டு போகவும் வேணும், அதுக்கு பஸ் காசும் பொறுமையும் இப்பவே சேத்து வைங்க.

மாமிட கதைக்கு வாறன். முதல்ல இது பரம்பரையால வந்ததெண்டே இன்னும் ஆரும் சொல்லல்லயே. அப்பிடி இருந்தாலும் ஒட்டோஃபெர்லின் மாதிரி பழுது வாறதுக்கு தாய்க்கிட்ட இருந்து ஒரு பிழைப் பிரதி, தகப்பன்கிட்ட இருந்து ஒரு பிழைப் பிரதி, ரெண்டும் வந்து சேரோணும். சொந்தத்துக்குள்ள கட்டினா அது ரெண்டும் சந்திக்கிற வாய்ப்பு கூட. ஆக பாதி அவட மகன்ட. இதை மாமிக்கு வாசிச்சுக் காட்டுறதும் காட்டாததும் உங்கட விருப்பம், நானெண்டா இந்தப் பக்கத்த மேசையில விரிச்சு வெச்சிட்டுப் போயிடுவன்.

கேள்வி: பிள்ள, நான் படுவான்கரையில உழவு மெசின் ஓட்டின ஆள், வயசு 67. அஞ்சாறு வருஷமா ரெண்டு காதுக்குள்ளயும் வண்டு இரையுது, ராவையில படுக்க ஏலாது. ஆக்கள் கதைக்கிறதும் அரைகுறை. சுவிஸ்ல இருக்கிற மகன் ஐபோனோட காதுல வைக்கிற எயார்பொட்ஸ் அனுப்புறானாம், அது கேக்கிற மெசினாயும் வேலை செய்யுமாம். உண்மையா? இந்த இரைச்சலுக்கு மருந்து வருமா? (வெல்லாவெளி)

பதில்: ஐயா, முதல்ல கிளினிக்குக் கிளம்புங்க, குறும்பி அடைச்சிருக்கா எண்டு பாக்கட்டும். சிரிக்காதீங்க, குறும்பிய எடுத்துவிட்ட உடனே வண்டு பறந்து போன ஆக்கள் எத்தினையோ பேர். கோழி இறகு மட்டும் வேணாம், தேங்காயெண்ணையும் வேணாம்.

அப்பிடி ஒண்டும் இல்லையெண்டா அது வருஷக்கணக்கா எஞ்சின் சத்தம் கேட்டு மயிர்க் கலம் செத்ததாத்தான் இருக்கும். செத்தா மனிசனுக்குத் திரும்ப முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! 1980களில கண்டுபிடிச்சாங்க, கோழி காதுக் கலம் பழுதானா தானே புதுசா வளத்துக்கொள்ளுமாம், நாங்க என்னெண்டா அதுட இறகப் பிடுங்கி எங்கட காதக் குடையுறம். மனிசனுக்கும் முளைக்க வைப்பம் எண்டு அமெரிக்காவுல ஒரு கொம்பனி ஊசி செய்து பெரிசாக் கதைச்சிச்சு, 2023ல சோதனை முடிவு வந்தா மருந்து போட்ட காதுக்கும் சும்மா தண்ணி மாதிரி போட்ட காதுக்கும் வித்தியாசம் இல்ல, விட்டுட்டாங்க. அதனால ஆரும் "செல் வளக்கிற மருந்து" எண்டு போத்தல் வித்தா காசக் குடுக்காதீங்க. இரைச்சலுக்கு நாக்குல மெல்லிசா கரண்டும் காதுல சத்தமும் சேத்துக் குடுக்கிற ஒரு மெசினுக்கு 2023ல அமெரிக்கா அனுமதி குடுத்தது, சிலருக்கு தாங்கக்கூடிய அளவுக்குக் குறையுது, முழுசாப் போறதில்ல, விலையும் கூட.

மகன் சொன்னது சரிதான். எயார்பொட்ஸ் ப்ரோ ரெண்டாவது மொடலுக்கு 2024 செப்டம்பர்ல அமெரிக்காவுல அந்த அனுமதி கிடைச்சது, வளந்த ஆக்களுக்கு, கொஞ்சமா இல்லாட்டி நடுத்தரமா கேள்வி குறைஞ்சிருந்தா மட்டும். உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டு அளக்காம அனுப்பினா அது பாட்டுக் கேக்கிற சாமானா பேரப்புள்ளைட காதுக்குத்தான் போகும். அந்த வசதி எல்லா நாட்டுலயும் திறந்து விடுறதும் இல்ல, வாங்க முதல் மகன் அதையும் பாக்கட்டும். இன்னொண்டு ஐயா, சாதாரண ஹியரிங் எய்ட் ஒண்டு போட்ட உடனேயே கனபேருக்கு இரைச்சல் அடங்கும், வெளிச்சத்தம் உள்ளுக்கு வந்தா மூளை தானா அங்கால திரும்பிடும். திடீரெண்டு ஒரு நாள் காலைல ஒரு காது மட்டும் கேக்காமப் போனா கிழமை பாத்திட்டு இருக்காதீங்க, அண்டைக்கே ஆஸ்பத்திரி, ஸ்டீரொய்ட் மருந்து வேலை செய்யுறது முதல் ரெண்டு கிழமைக்குள்ளதான்.

கேள்வி: மூக்குக்குள்ள சதை வளந்து ரெண்டு தரம் ஒப்பரேஷன், திரும்பவும் வளருது. மணம் குணம் ஒண்டும் இல்ல, கருவாடு பொரிச்சாலும் தெரியா. வேலை நெல்லு மில்லில. இதுக்கும் ஊசி வந்திருக்காமே? (சம்மாந்துறை)

பதில்: வந்திருக்கு தம்பி. டுபிலுமாப் எண்டு பேர், மூக்குச் சதைக்கு 2019ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. சதை வளரச் சொல்லி உடம்பு அனுப்புற செய்திய மறிக்கிறதுதான் அதுட வேலை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா தோலுக்குக் கீழ போடுறது, போன மணம் திரும்பி வந்த ஆக்கள் நிறையப் பேர். ஆனா நிப்பாட்டினா திரும்ப வளரலாம், விலையக் கேட்டா நீங்க மில்லையே எழுதிக் குடுக்க வேண்டி வரும். இப்ப கையில இருக்கிறத வடிவாச் செய்யுங்க: கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில உப்புக் கரைச்சு மூக்கக் கழுவுங்க (கிணத்துத் தண்ணிய அப்பிடியே ஏத்தாதீங்க), கழுவின பிறகு ஸ்ப்ரேய வலது கையால இடது மூக்குக்கும் இடது கையால வலது மூக்குக்கும் அடிங்க, அப்பதான் மருந்து நடுத்தண்டுல படாம வெளிப்பக்கமாப் போகும். பாதிப்பேர் ஸ்ப்ரே சரிவரல்ல எண்டு சொல்லுறது நேர மேல அடிச்சிட்டுத்தான். மில்லுக்குள்ள மாஸ்க் போடுங்க, உமித்தூசி உங்களுக்குக் கூடாது.

கேள்வி: வெத்திலை போடுவன், பொயிலை இல்ல, பாக்கு மட்டும். ஒண்டரை மாசமாக் குரல் கட்டிக் கிடக்கு. குரல போன்ல பதிஞ்சா கம்பியூட்டரே புத்துநோயா எண்டு சொல்லுமாம், அது எப்ப வரும்? (அக்கரைப்பற்று)

பதில்: குரல வெச்சுக் கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி நடக்குது, வரட்டும். நீங்க நாளைக்குக் கிளினிக்குப் போங்க. மூக்கால ஒரு மெல்லிய கெமராவ விட்டுத் தொண்டையப் பாக்க அஞ்சு நிமிசம் காணும். குரல் மூண்டு கிழமைக்கு மேல அடைச்சா பாக்கோணும் எண்டது பழைய சட்டம், நீங்க அதுட ரெண்டு மடங்கு தாண்டிட்டீங்க. பொயிலை இல்லாம வெறும் பாக்கே புத்துநோயத் தரும் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவு இருவது வருஷத்துக்கு முன்னமே எழுதி வெச்சிட்டு. போயிட்டு வந்து எனக்கு என்ன சொன்னாங்க எண்டு எழுதுங்க, அடுத்த இதழ் வரைக்கும் உங்கட கடிதத்த மேசையிலதான் வைப்பன்.

கேள்வி: அன்ரி, நான் ஓஎல் படிக்கிறன். பூரணையில மட்டக்களப்பு வாவியில துடுப்ப விட்டு மறு நுனியக் காதுல வெச்சாத்தான் பாடும் மீன் சத்தம் கேக்கும் எண்டு அப்பப்பா சொல்லுறார். காத்துல கேக்காதது கட்டையில எப்பிடிக் கேக்கும்? (கல்லடி)

பதில்: இந்த மாசத்துல எனக்குப் பிடிச்ச கேள்வி இது மனே. தண்ணிக்குள்ள இருக்கிற சத்தம் காத்துக்கு ஏறக்குள்ள தண்ணிட மேற்பரப்புலயே பெரும்பகுதி திரும்பிப் போயிடும். துடுப்புக்கு அந்தத் தடை இல்ல, தண்ணிட அதிர்வ மரம் அப்பிடியே வாங்கி காதுக்குக் கிட்ட எலும்புக்குக் குடுக்குது, எலும்பு நேர உள்காதுக்குக் குடுக்குது, காதுச்சவ்வே தேவையில்ல. இதே வேலையத்தான் சுவீடன்ல 1977ல செய்தாங்க, காதுக்குப் பின்னால எலும்புல ஒரு சின்ன டைட்டேனியம் திருகாணியப் பூட்டி அதுல கேக்கிற மெசினக் கொழுவினாங்க. காது ஓட்டையே இல்லாமப் பொறக்கிற புள்ளைகளுக்கு, காது சலம் ஓடி ஓடிச் சவ்வு போன ஆக்களுக்கு அது பெரிய உதவி. இப்ப திருகாணி வெளிய தெரியாம தோலுக்குக் கீழேயே வைக்கிற மாதிரி வந்திட்டு, சின்னப் புள்ளைகளுக்கு ஒப்பரேஷன் இல்லாம தலைப்பட்டியிலயே கட்டிவிடலாம்.

அப்பப்பாவோட போறதெண்டா காத்து அடங்கின ராவாப் பாத்துப் போங்க, தோணியில எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்க, துடுப்பு நுனியக் காது ஓட்டைக்குள்ள விடாம காதுக்குப் பின்னால இருக்கிற அந்த மேடான எலும்புல அழுத்திப் பாருங்க. ஒருக்கா காதுல வெச்சும் ஒருக்கா எலும்புல வெச்சும் கேட்டிட்டு எதுல கூடக் கேட்டிச்சு எண்டு எழுதுங்க, மீன் பாடிச்சா எண்டதையும்.