1.3-ஆ, 1.1-ஆ? இரண்டும் சரியாக இருக்கலாம்

உங்கள் மகளின் ஒரே முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து, சில்லு (முழங்காலின் முன்னால் உள்ள சிறிய எலும்பு) எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு டாக்டர் 1.3 என்றும் இன்னொருவர் 1.1 என்றும் எழுதினால் குழம்பத்தான் செய்யும். ஆனால் இருவரும் அளந்தது வேறு வேறு. 1.3 என்பது இன்சால்-சால்வாட்டி முறை: சில்லுக்குக் கீழுள்ள தசைநாரின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுப்பது. 1.2-ஐத் தாண்டினால் சில்லு மேலேறியிருக்கிறது என்பார்கள். சிக்கல் என்னவென்றால், தசைநார் கீழே எலும்பில் எங்கே ஒட்டுகிறது என்பது எக்ஸ்ரேயில் மங்கல்தான். அளப்பவர் கை நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலே 1.2 போய் 1.3 ஆகிவிடும். 1.1 கேட்டன்-டெஷாம்ப் முறை. அது மூட்டின் எலும்பு விளிம்புகளை மட்டும் பார்ப்பதால் எனக்கு அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். அப்புறம், படம் நேரான பக்கவாட்டுப் படம்தானா, முழங்கால் 30 டிகிரி வாக்கில் மடங்கியிருந்ததா என்றும் கேளுங்கள். ஆபரேஷன் பேச்சு வந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.