மண் கரையில் கலங்கிய நீர்க் கசிவு: எந்தப் பக்கம் அடைப்பது?

கேள்வி: வயலுக்கு மேலே ஓடையின் குறுக்கே, வெள்ளம் பாயாமல் இருக்க 2 மீட்டர் உயரத்தில் மண் கரை போட்டோம். அடியில் வடிகுழாய் உண்டு. கடந்த மழையில் கரையின் வெளிப்பக்கம் (வயல் பக்கம்) குழாயைச் சுற்றிக் கலங்கிய தண்ணீர் கசிந்தது. களிமண் வைத்து அடைத்தோம், பக்கத்தில் கிளம்பிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்து வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளிருந்து கரைந்து போகிறது என்று பொருள். கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் உள்ளே பொந்து விழுந்துகொண்டிருக்கிறது.

வெளிப்பக்கம் அடைப்பதை நிறுத்துங்கள். வாயை மூடினால் நீர் உள்ளேயே அழுத்தி வேறு வழி பிடிக்கும். உங்களுக்கு நடந்ததும் அதுதான். மறுபடி கசிந்தால் அந்த இடத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பருமணல், மேலே அதே அளவு சரளை, அதற்கும் மேலே கல் என்று பரப்புங்கள். நீர் வெளியேறும், மண் தங்கும். குழாய் வாயில் சருகு அடைத்திருந்தால் எடுத்துவிட்டு நீரை மெல்ல இறக்குங்கள். மளமளவென்று இறக்கினால் ஊறிய உள்சரிவு (நீர்ப்பக்கச் சரிவு) சரியும். கசிவு பெருகிக்கொண்டே போனால் கரையில் கை வைக்காதீர்கள், கீழே இருப்பவர்களை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

நிரந்தர வேலை கோடையில். குழாய் நெடுக மண்ணைச் சரிவாக வெட்டி அடிவரை திறங்கள். உருண்டைக் குழாயின் அடிவயிற்றுக்கு இருபுறமும் மண் இறுக்கும் உருளை எட்டாது. பெரும்பாலும் அங்கேதான் மண் இறுகாமல் கிடக்கும். குழாய்க்குக் கீழே மணல் மெத்தை போட்டிருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள், அதுவே நீருக்குப் பாதை. களி கலந்த மண்ணை 10 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுக் கையால் திமிசு (மண் இடிக்கும் கட்டை) அடியுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள்: இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம், உதிர்ந்தால் வறட்சி, சப்பையானால் ஈரம் அதிகம். இன்னொரு சோதனையும் உண்டு. மண்கட்டி ஒன்றை மழைநீரில் போடுங்கள். கிளறாமலே பால்போல் கலங்கினால் அந்த மண் வேண்டாம். எவ்வளவு இறுக்கினாலும் கரையும்.

குழாயின் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில், சுற்றிலும் 60 செ.மீ. கனத்துக்கு மணல் வளையம் வைத்து, அதன் நீர் கரையடிக்கு வடியும்படி விடுங்கள். குழாய் நெடுகிலும் போட்ட மணல் மெத்தைபோல இது நீருக்குப் பாதையாகாது, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும்.

கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் வழி) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் கரையோரத்துக் கெட்டித் தரையில், கரை உச்சியைவிட 60 செ.மீ.யாவது தாழ்வாக வெட்டுங்கள். புதிதாகப் போட்ட மண்மேல் கலிங்கு வைத்தால் முதல் பெருவெள்ளமே அறுத்துவிடும். சரிவில் புல் போதும். மரம் வைக்காதீர்கள், பட்ட வேர் விட்டுப்போகும் துளை அடுத்த கசிவுக்கு வழி.