சென்னையிலிருந்து மாலத்தீவுக்குக் குறைந்த செலவில் போய்வர முடியுமா?

முடியும். எந்தத் தீவில் தூங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

படங்களில் பார்க்கிற ரிசார்ட்டுகள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு தனித் தீவு. உள்ளே போய்விட்டால் தண்ணீர் பாட்டிலிலிருந்து எல்லாவற்றுக்கும் அவர்கள் வைத்ததுதான் விலை. கடல்விமானத்தில் போகிற தூரம் என்றால் அதற்கே ஒருவருக்குச் சில நூறு டாலர். ஊர்மக்கள் வாழும் தீவுகளின் கதை வேறு. அங்கே வெளிநாட்டவர் தங்க விடுதி நடத்தலாம் என்று 2009 வாக்கில் விதி தளர்ந்த பிறகுதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

நாங்கள் தங்கியது அப்படி ஊர்மக்கள் வாழும் மாஃபுஷி தீவில். ஒரு கோடியில் நாட்டின் சிறைச்சாலை, மறு கோடியில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிற கடற்கரை. நடுவே மளிகைக்கடை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம். தண்ணீரின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை. நீச்சலுடைக்கென்று ஒதுக்கிய கடற்கரையைத் தாண்டினால் ஒழுங்காக உடுத்த வேண்டும். மது கிடையாது. கொழும்பு வழியாகப் போகிறவர்கள் டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிப் போகாதீர்கள்; தலைநகர் மாலே சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள்.

பட்ஜெட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் படகில்தான். மாலேயிலிருந்து மாஃபுஷிக்கு அரசுப் படகில் சில டாலர்தான், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெள்ளிக்கிழமை ஓடாது. ஸ்பீட்போட்டில் அரை மணியில் போய்விடலாம், கட்டணம் பல மடங்கு. அதனால் விமானம் இறங்கும் கிழமையையும் நேரத்தையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இரவில் இறங்கினால் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹுல்ஹுமாலே தீவில் தங்கிக்கொள்ளலாம், பேருந்திலேயே போய்விடலாம்.

அறை வாடகையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 முதல் சின்ன விடுதிகளில் பசுமை வரி மட்டும் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. அதற்கு மேல் சுற்றுலா ஜிஎஸ்டி, சேவைக் கட்டணம். விசாவுக்குச் செலவில்லை, இந்தியர்களுக்கு இறங்கியதும் கொடுக்கிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய இமுகா (IMUGA) என்ற பயணிகள் படிவமும் இலவசம்தான். காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

சாப்பாடு நமக்குக் கஷ்டமே இல்லை. காலையில் மஸ் ஹுனி: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாதிரியான ரொஷியோடு தருவார்கள். என் மாமியார் முதல் வாய்க்கே "இது நம்ம புட்டு மாதிரில்ல இருக்கு" என்றார். சுறாப்புட்டைச் சொன்னார். உள்ளூர்த் தேநீர்க்கடையில் சாப்பிட்டால் கடற்கரை உணவகத்தில் பாதிகூட ஆகாது. சைவம் என்றால் சிரமம்தான், பருப்புப் பொடியும் ஊறுகாயும் பெட்டியில் இருக்கட்டும். சன்ஸ்கிரீனையும் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.

சரி, ரிசார்ட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமா? மாஃபுஷியிலிருந்து பகல் பொழுதுக்கு மட்டும் அழைத்துப்போகிறார்கள். படகும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடங்குவது உண்டு. படம் எடுக்க அது போதும். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம் என்பதால் வாடகை இறங்கும். கடல் கொஞ்சம் ஆடும், படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.