சிரசு திருவிழாப் படம்: ஐந்து விதமான வீடியோவை ஒரே டைம்லைனில் முடிப்பது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை) திருவிழாவைப் பற்றி 40 நிமிடப் படம் ஒன்றைத் தயாரிக்கிறோம். ஊர்வலம் முழுவதும் ஒரு ஹேண்டிகேமில் 1080 இன்டர்லேஸ், எம்டிஎஸ் கோப்புகளாக இருக்கிறது. பேட்டிகள் டிஎஸ்எல்ஆரில், வினாடிக்கு 25 ஃபிரேம் (படம்). ட்ரோன் 4கே, 30 ஃபிரேம். ஊர்க்காரர்கள் கொடுத்த போன் வீடியோக்கள் ஏராளம். இவை போக ஒரு பழைய மினி டிவி (MiniDV) கேமரா டேப். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டால் புலியாட்டம் விட்டு விட்டு ஓடுகிறது. போன் வீடியோவில் தவில் அடிக்கும் கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அடுத்த வைகாசியில் தெருவில் எல்இடி திரையில் போட வேண்டும், யூடியூபில் ஏற்ற வேண்டும், வீடுகளுக்குப் பென்டிரைவிலும் கொடுக்க வேண்டும். எந்த ஃபார்மட்டில் முடிப்பது?

பதில்: டைம்லைனை, அதாவது கிளிப்புகளை அடுக்கும் பட்டையை, 1920க்கு 1080, வினாடிக்கு 50 ஃபிரேம், புரோகிரசிவ் (ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படம்) என்று வையுங்கள். புராஜெக்ட் செட்டிங்கில் இதை முடிவு செய்த பிறகே முதல் கோப்பை உள்ளே இழுக்க வேண்டும். கோப்பு உள்ளே வந்த பின் ரிசால்வ் ஃபிரேம் ரேட்டை மாற்ற விடாது.

பேட்டி 25 ஃபிரேமில் இருக்கிறதே, 25 போதாதா என்று தோன்றும். உங்கள் படத்தின் உயிர் ஊர்வலத்தில் இருக்கிறது. ஊர்வலம் இருப்பது ஹேண்டிகேமில். இன்டர்லேஸ் வீடியோவில் வினாடிக்கு 25 படம்தான் என்றாலும், ஒவ்வொரு படமும் வெவ்வேறு நொடித்துணுக்கில் பிடித்த இரண்டு ஃபீல்டுகளால், அதாவது ஒன்றுவிட்டு ஒரு வரியாக அமைந்த அரைப்படங்களால், ஆனது. ஆக, அசைவு வினாடிக்கு 50 முறை பதிவாகியிருக்கிறது. 25 டைம்லைனில் போட்டால் அதில் பாதி போய்விடும். புலியாட்டமும் சிலம்பமும் விட்டு விட்டு ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 50 வைத்தால் மற்றவற்றுக்கும் கேடில்லை. டிஎஸ்எல்ஆரின் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. போனின் 30 ஃபிரேமில் எதுவும் காணாமல் போகாது. 25-இல் போட்டால் ஆறில் ஒன்று விழுந்து, நடக்கிறவர் தத்தித் தத்தி நடப்பார்.

அடுத்தது, எடிட்டிங்குக்கு முன்பே எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வது. டைம்லைனே பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் எடிட்டிங்குக்கு ஏற்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்க்யூ (DNxHR SQ) வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 25 ஃபிரேமுக்கு மணிக்குச் சுமார் 55 ஜிபி, 50 ஃபிரேமுக்குச் சுமார் 110 ஜிபி பிடிக்கும். அதனால் முழுவதையும் மாற்ற வேண்டாம். மூலக் கோப்புகளைப் பார்த்து, தேவையானதைப் பொறுக்கிய பின் அதை மட்டும் மாற்றுங்கள். 1 டிபி எஸ்எஸ்டி போதும். மூலக் கோப்புகளின் நகல் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்கில், இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். இந்த ஆண்டின் ஊர்வலத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது.

ஹேண்டிகேம்: மெமரி கார்டில் உள்ள ஃபோல்டரை அப்படியே முழுதாக நகலெடுங்கள். நீளமான ஷாட்டைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் தனியே இழுத்துப் போட்டால், ஒட்டும் இடத்தில் ஒன்றிரண்டு ஃபிரேமோ கொஞ்சம் ஒலியோ போய்விடும். மேளச் சத்தத்தில் அது 'டப்' என்று கேட்கும். கேமராவோடு வந்த மென்பொருள் இருந்தால் அதைக் கொண்டு சேர்ப்பதே நல்லது. சேர்த்த கோப்பை டீஇன்டர்லேஸ் செய்யும்போது (ஃபீல்டுகளை முழுப்படங்களாக மாற்றும்போது) ஒரு ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் தரும் முறையை, அதாவது பாப் முறையை எடுத்து, 50 ஃபிரேமாக வெளியே கொண்டுவாருங்கள். சாதாரண முறை 25-தான் தரும்.

மினி டிவி டேப்: இதுவும் இன்டர்லேஸ்தான், 720க்கு 576. ஆனால் ஃபீல்டு வரிசை தலைகீழ். எச்டியில் மேல் ஃபீல்டு முதலில், இந்த டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில். இதைத் தவறாக வைத்தால் தேர் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போவதுபோல் துடிக்கும். சந்தேகமிருந்தால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். முதலில் டீஇன்டர்லேஸ், அதன் பிறகே பெரிதாக்குவது. மாற்றிச் செய்தால் சீப்புப் பல் போன்ற கோடுகள் படத்தோடு உறைந்துவிடும். 4:3 படத்தை 1440க்கு 1080 அளவில் நடுவில் வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுங்கள். அகலத்துக்கு இழுத்தால் அம்மனின் முகம் உப்பிப்போகும். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

போன் வீடியோ: உங்களுக்கு அதிகத் தொல்லை தரப்போவது இதுதான். பெரும்பாலான போன்கள் நிலையான ஃபிரேம் ரேட்டில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலும் போன் சூடானாலும் ரேட் இறங்கும். வேலூர்ப் பக்கத்து மே வெயிலில் சூடாகாத போன் ஏது? எடிட்டிங் மென்பொருள் அதை நிலையான 30 என்று எண்ணிக்கொள்வதால், ஓட ஓட ஒலி விலகிப்போகிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' (மாறுவது) என்று காட்டினால் நிலையான 30 ஆக மாற்றிய பிறகே உள்ளே எடுங்கள். மாற்றிய கோப்பின் கடைசி நிமிடத்தை ஓட்டிச் சரிபாருங்கள். தவில் கோல் படும் கணமும் சத்தமும் அங்கே ஒன்றாக இருந்தால் முழுதும் சரி. ஒலி எல்லாவற்றிலும் 48 கிலோஹெர்ட்ஸ்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தவற்றை முடிந்தவரை ஒதுக்குங்கள். எடுத்தவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கேபிள் போட்டு வாங்குங்கள். புதிய ஐபோன் கோப்புகள் எச்டிஆரில் (கூடுதல் ஒளி வீச்சில்) இருக்கக்கூடும். சாதாரண டைம்லைனில் அவை வெளிறியோ, வெளிச்சம் வெந்துபோயோ தெரியும். மாற்றும்போதே சாதாரண எச்டி நிறத்தரமான ரெக் 709 ஆக்கிவிடுங்கள். நெட்டுக்குத்தாக எடுத்ததை 1080 உயரத்தில் வைத்தால் அகலம் சுமார் 608 வரும். சிரசு வந்து சேரும் அந்த ஒரு கணத்தை மூன்று போன்களில் எடுத்திருந்தால், மூன்றையும் பக்கம் பக்கமாக வைக்கலாம், திரை கிட்டத்தட்ட நிறையும். மங்கலான பின்னணி போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சீரியல் லைட் வெளிச்சத்தில் போன் வீடியோ மினுக்கினால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் கீழ் வினாடியில் 60-இல் ஒரு பங்கு ஷட்டரில் எடுத்ததுதான் பெரும்பாலும் காரணம். முழுதாகச் சரிசெய்ய முடியாது, அந்த ஷாட்டைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திருவிழாவுக்கு 25 ஃபிரேம், 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ட்ரோனில் ஒலி இல்லை என்பது வசதி. ரிசால்வின் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் அதன் ஃபிரேம் ரேட்டை 25 என்று மாற்றினால் வேகம் 83 சதவீதமாகக் குறையும். மேலிருந்து பார்க்கும் கூட்டத்துக்கு அந்த நிதானம் அழகுதான், ஓட்டமும் சீராகும். 4கே என்பதால் 1080-இல் இரண்டு மடங்கு வரை உள்ளே நெருங்கிக்கொள்ளலாம்.

நிறம் பொருத்த ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு வெள்ளை வேட்டியைத் தேடுங்கள். வெள்ளை பொருந்தினால் மஞ்சளும் குங்குமமும் பெரும்பாலும் தானாகச் சேரும்.

வெளியீட்டில் முதலில் டிஎன்எக்ஸ்எச்ஆரில் ஒரு மாஸ்டர். மற்றவை எல்லாம் அதிலிருந்து. யூடியூபுக்கு எச்.264, 50 ஃபிரேம், 40 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 40 மெகாபிட்). யூடியூப் இதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது. ஆனால் அது மறுபடி சுருக்கும், அப்போது வாணவேடிக்கையும் பூ மழையும் கட்டம் கட்டமாக உடையும். பென்டிரைவுக்கு 25 ஃபிரேம், 12 எம்பிபிஎஸ், ஹை புரொஃபைல் லெவல் 4.1, ஒலி ஏஏசி. 40 நிமிடம் சுமார் 3.7 ஜிபி வரும். ஃபேட்32 என்ற பழைய பென்டிரைவ் அமைப்பில் ஒரு கோப்புக்குள்ள 4 ஜிபி எல்லைக்குள் அடங்குவதால் பழைய டிவியிலும் ஓடும். 50 ஃபிரேமுக்கு லெவல் 4.2 தேவை, பல பழைய டிவிகள் அதை ஏற்காது.

எல்இடி திரைக்கு 50 ஃபிரேம், 25 எம்பிபிஎஸ். திரைக்காரரிடம் பேனல்களின் மொத்தப் பிக்சல் அளவை முன்பே கேளுங்கள். 16:9 இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படலாம், எழுத்துகளை உள்ளே தள்ளி வைக்க வேண்டும். லேப்டாப்பின் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் இருக்கும். எச்டிஎம்ஐ இணைத்ததும் திரைக்கு அதை 50 ஆக்குங்கள்; மறந்தால், இவ்வளவு பாடுபட்டுச் சீராக்கிய புலியாட்டம் திரையில் மறுபடி தத்தும். புலியாட்டம், வாணவேடிக்கை, போன் தவில், பழைய டேப் நான்கும் வரும் 2 நிமிடத் துண்டு ஒன்றை இப்போதே தயாரித்து, வாடகைக்குப் பேசும் நாளிலேயே அந்தத் திரையில் ஓட்டிப் பாருங்கள்.